மேலூர் மண்ணும் டங்ஸ்டன் கல்லும்

விழா மலர் என்றால் பங்கு தோன்றிய விதம், ஆலயம் எழும்பிய விதம், பணியாற்றிய குருக்கள், அருட்கன்னியர் ஆகியோரின் பெயர்கள் இடம் பெறுவது மரபு. அவையெல்லாம் இம்மலரின் பிற பக்கங்களில் உள்ளன. நம் ஆலயத்தின் கடைக்கால் ஊன்றியிருக்கும் மண்ணைப் பற்றியும் ஒரு கட்டுரை இருக்கட்டும் என்று மலர்க்குழுவினரிடம் நானே கேட்டு இப்பக்கங்களை வாங்கிக்கொண்டேன்.

காரணம் உண்டு. 2024 நவம்பர் 7 முதல் 2025 ஜனவரி 23 வரை, சரியாகப் பதினொரு வாரங்கள், மேலூர் வட்டாரம் முழுவதும் ஒரே ஒரு சொல்லைப் பேசிக்கொண்டிருந்தது. டங்ஸ்டன் என்ற அச்சொல்லை அதற்கு முன் நம்மில் பலர் பள்ளிப் பாடநூலில், மின்விளக்கின் உள்ளே எரியும் இழை என்ற அளவில் மட்டுமே அறிந்திருந்தோம். திருமுழுக்கு ஏட்டில் எழுதாமல் விட்ட ஒரு பெயரைப் பல ஆண்டுகள் கழித்துத் தேடி வந்து வாசலில் நிற்பவர்களை அடிக்கடி காண்பவன் நான். சுவரொட்டிகள் கிழிந்துவிட்டன, செய்தித்தாள்கள் எடைக்குப் போய்விட்டன. நடந்ததை ஓரிடத்தில் எழுதி வைப்பது நல்லது.

முதலில் அந்த உலோகத்தைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். 'டங்ஸ்டன்' என்பது சுவீடன் நாட்டு மொழிச் சொல். 'கனத்த கல்' என்று பொருள். பொருத்தமான பெயர்தான். தங்கத்திற்கு உள்ள கனமே ஏறத்தாழ இதற்கும் உண்டு. 1781-இல் ஷீலே என்ற வேதியியலார் அக்கனத்த கல்லிலிருந்து புதியதோர் அமிலத்தைப் பிரித்தார். அவர் பெயராலேயே அக்கல் இன்று ஷீலைட் எனப்படுகிறது. ஈராண்டு கழித்து, 1783-இல், ஸ்பெயின் நாட்டு வெர்காரா நகரில் எலுயார் சகோதரர் இருவர் உலோகத்தையே பிரித்தெடுத்தனர். அவர்கள் பணி செய்த கல்விக்கூடத்துக்குச் 'செமினரி' என்று பெயர். நம் குருமடம் போன்றதன்று, செல்வர் வீட்டுப் பிள்ளைகள் படித்த கல்லூரி. அவர்கள் எடுத்துக்கொண்ட தாது வேறு. அதற்கு உல்ஃப்ரமைட் என்று பெயர். ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளர் வெள்ளீயத்தை உருக்கும்போது இந்தத் தாது கலந்திருந்தால் ஈயம் குறைந்துபோகுமாம். ஓநாய் ஆட்டைத் தின்பது போல ஈயத்தைத் தின்கிறது என்று ஓநாயின் பெயரை அதற்கு வைத்துவிட்டார்கள். வேதியியல் அட்டவணையில் இன்றும் டங்ஸ்டனுக்கு 'டபிள்யூ' என்ற எழுத்து நிற்பது அந்த ஓநாயால்தான்.

உலோகங்கள் அனைத்திலும் உருகுவதற்கு மிக அதிக வெப்பம் கேட்பது இதுவே. 3,422 டிகிரி செல்சியஸ் வேண்டும். இரும்பு 1,538 டிகிரியிலேயே உருகிவிடும். அதனால்தான் வெண்சூட்டில் பல நூறு மணி நேரம் எரியும் இழையாக இதனை வைத்தனர். எளிதில் ஒடியும் இவ்வுலோகத்தை மெல்லிய கம்பியாக இழுக்கும் வழியை அமெரிக்காவில் கூலிட்ஜ் என்பவர் 1910-ஐ ஒட்டிக் கண்டுபிடித்தார். பழைய குண்டு விளக்குகள் இப்போது அநேகமாக மறைந்துவிட்டன. டங்ஸ்டனின் தேவையோ குறையவில்லை. கரியுடன் சேர்ந்தால் இது டங்ஸ்டன் கார்பைடு என்னும் மிகக் கடினமான பொருளாகிறது. நம் தோட்டங்களில் போர் போட வரும் வண்டியின் 'பிட்' முனையில் பொத்தான் பொத்தானாகப் பதித்திருப்பது அதுதான். கீழவளவிலும் திருவாதவூர்ப் பக்கமும் கிரானைட்டைத் துளையிட்ட கம்பிகளின் நுனியும் அதுவே. கவசத்தைத் துளைக்கும் குண்டும் இதனால் செய்யப்படுகிறது. எனவே உலகில் போர் மூளும்போதெல்லாம் இதன் விலை ஏறும்.

இனி நம் பாறைகளுக்கு வருவோம். மதுரைச் சுற்றுவட்டாரப் பாறைகள் நிலத்தின் மேல் பிறந்தவை அல்ல. பூமியின் வெகு ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறியவை. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், தென்னிந்தியாவும் இலங்கையும் மடகாஸ்கரும் கிழக்கு ஆப்பிரிக்காவும் ஒன்றோடொன்று மோதி ஒரே பெருங்கண்டமாய் இணைந்தபோது இந்த உருமாற்றத்தின் பெரும்பகுதி நிகழ்ந்தது. மேலிருந்த பல கிலோமீட்டர் பாறை மழையாலும் காற்றாலும் தேய்ந்து போன பின், உள்ளிருந்தது வெளியே தெரிகிறது. நம் குன்றுகள் எழுந்து வளர்ந்தவை என்று நினைக்கிறோம். உண்மையில் அவை, சுற்றியிருந்த நிலம் தேய்ந்துபோக, தேயாமல் நின்றவை.

இவ்வகைப் பாறைகளில் ஒன்றான சார்னோக்கைட்டின் பெயர்க்கதையைச் சொல்லாமல் போக மனமில்லை. கல்கத்தா நகரத்தோடு தொடர்புடைய ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்குச் சென்னைப் பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கருங்கல்லைக் கொண்டுபோய் வைத்தார்கள். பின்னாளில் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலார் அக்கல்லறைக் கல்லை வைத்தே இப்பாறை இனத்துக்குப் பெயரிட்டார். புனித தோமையாரின் மலைப் பக்கத்துக் கல், கல்கத்தாவில் ஒரு கல்லறை வழியாக உலக நிலவியல் நூல்களில் ஏறிவிட்டது.

இந்தப் பாறைகளுக்கிடையே சுண்ணாம்புச் சத்து மிகுந்த அடுக்குகளும் பட்டை பட்டையாக ஓடுகின்றன. ஒரு காலத்துக் கடலடிச் சேற்றுப் படிவுகள் வெந்து மாறியவை அவை. அடியிலிருந்து கிரானைட் குழம்பு மேலே ஏறும்போது அதிலிருந்து கொதிநீர் போன்ற கரைசல்கள் பிரிந்து வெடிப்புகளின் வழியே பாயும். அவற்றில் டங்ஸ்டன் கரைந்திருக்கக்கூடும். அக்கரைசல் சுண்ணாம்புப் பாறையைத் தொட்ட இடத்தில், டங்ஸ்டன் அங்குள்ள கால்சியத்தோடு கூடி ஷீலைட்டாகப் படியும். வெள்ளையாகவோ வெளிர்மஞ்சளாகவோ இருக்கும் இக்கல்லைப் பகலில் பார்த்தால் சாதாரண வெள்ளைக் கல்லிலிருந்து பிரித்தறிவது கடினம். கனம் மட்டுமே காட்டிக்கொடுக்கும். ஆனால் இருளில் புற ஊதாக் கதிர் விளக்கைப் பிடித்தால் நீலவெண்மையாய் ஒளிரும். ஷீலைட்டைத் தேடும் நிலவியலார் உலகெங்கும் இந்த விளக்கோடுதான் இரவில் பாறைகளைச் சுற்றி வருகிறார்கள்.

கிடைத்தாலும் அள்ளிக்கொண்டு போக முடியாது. பெரும்பாலான டங்ஸ்டன் சுரங்கங்களில் நூறு பங்கு பாறையில் ஒரு பங்குகூடத் தேறாது; ஒரு டன் பாறையை வெடித்து, உடைத்து, மாவாக அரைத்து, தண்ணீரில் அலசினால் சில கிலோ கிடைக்கும். எஞ்சிய மாவு அத்தனையும் அங்கேயே மலையாகக் குவியும். தங்கவயலைக் கண்டவர்களுக்கு அந்தக் குவியல்கள் எப்படியிருக்கும் என்று தெரியும். நம் தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாய் இறங்கி உழைத்த அந்தக் கோலார் சுரங்கங்கள் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டன. மணல் குவியல்கள் மூடப்படவில்லை. அங்கே தங்கத்தோடு ஷீலைட்டும் கலந்திருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

டங்ஸ்டனுக்காகவே தோண்டிய சுரங்கம் நம் நாட்டில் இருந்தது ராஜஸ்தானில். நாகவுர் மாவட்டத்தில் தேகானா என்னும் ரயில் சந்திப்பு ஊர். அதன் அருகே ரேவத் மலை. அங்கே கிரானைட்டைக் கீறிப் பாய்ந்த வெண்படிகக் கல் நரம்புகளில் உல்ஃப்ரமைட் இருப்பது முதல் உலகப் போர்க் காலத்தில் தெரியவந்தது. அப்போது பிரிட்டனுக்கு இது உயிர்நாடி. போருக்கு முன் பர்மாவின் தாவாய்ப் பகுதித் தாது பெரும்பாலும் ஜெர்மனிக்கே போய்க்கொண்டிருந்தது. போர் வந்த பின்னரே, தங்கள் ஆட்சியிலுள்ள மண்ணின் தாது பகைவனின் ஆலையில் உருகிக்கொண்டிருந்ததை ஆங்கிலேயர் உணர்ந்தனர். இரண்டாம் உலகப் போரில் இதே நாடகம் போர்ச்சுகலில் நடந்தது. பாத்திமா அன்னையின் நாடு என்று நாம் அறிந்த அந்த ஏழை நாட்டின் பனஸ்கேரா முதலான சுரங்கங்களின் தாதுவுக்கு இரு தரப்பும் போட்டியிட்டு விலை கொடுத்தன. இரு தரப்புக்கும் விற்ற சலசார் அரசு, 1944 ஜூனில்தான் ஏற்றுமதியை நிறுத்தியது.

தேகானாவும் இரண்டு போர்களிலும் தோண்டப்பட்டது. விடுதலைக்குப் பின்னும் பல பத்தாண்டுகள் நடந்தது. பிறகு சீனத்தின் மலிவான தாது உலகச் சந்தையில் வந்து குவிய, இங்கே தோண்டும் செலவு கட்டுபடியாகாமல் 1990-களில் நின்றுபோனது. தாது தீர்ந்து மூடப்பட்ட சுரங்கம் அன்று அது. விலை விழுந்து மூடப்பட்டது. அப்படி மூடப்பட்ட மலையின் பேச்சு ஒருநாள் திரும்ப எழும். 2023 மே மாதம், தேகானாவில் பெருமளவு லித்தியம் கண்டுபிடிக்கப்பட்டதாகச் செய்தி பரவ, இந்திய நிலவியல் ஆய்வுத்துறையே அதை மறுக்க வேண்டியதாயிற்று.

தேகானா நின்ற பிறகு நம் நாட்டின் டங்ஸ்டன் தேவை இறக்குமதியையே நம்பி நிற்கிறது. உலக உற்பத்தியில் ஐந்தில் நான்கு பங்கு சீனத்திடம். எனவே உள்நாட்டில் தேட வேண்டும் என்று அரசு எண்ணியதை முற்றிலும் குறை சொல்வதற்கில்லை. 2023 ஆகஸ்டில் சுரங்கச் சட்டம் திருத்தப்பட்டு, டங்ஸ்டன் உட்பட 24 கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் மத்திய அரசின் கைக்குச் சென்றது. அப்படி ஏலத்தில் வைக்கப்பட்டவற்றுள் ஒன்று 'நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி'. அரிட்டாபட்டி, ஏ. வல்லாளபட்டி, நரசிங்கம்பட்டி, கிடாரிப்பட்டி, எட்டிமங்கலம் முதலிய ஊர்களை அடக்கிய 2,015.51 ஹெக்டேர், நம் கணக்கில் சுமார் ஐயாயிரம் ஏக்கர். 2024 நவம்பர் 7 அன்று ஏலத்தில் வென்றது ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் என அறிவிக்கப்பட்டது.

ஐயாயிரம் ஏக்கருக்கு அடியில் என்ன இருக்கக்கூடும் என்பதை டில்லிக் கோப்பு சொல்லிற்று. மேலே என்ன இருக்கிறது என்பது அதில் போதுமான அளவு இல்லை. இதுதான் என் கருத்தில் இந்த வரலாற்றின் உயிர்நாடி.

மேலே இருப்பது யாது? அரிட்டாபட்டியின் கழிஞ்சமலையில் இயற்கைக் குகைத்தளம் ஒன்று. அதன் நெற்றியில், மழைநீர் உள்ளே வழியாதபடி வெட்டிய காடிக்குக் கீழே, தமிழ்ப் பிராமி எழுத்துகள். கிறிஸ்து பிறப்பதற்கு இரண்டு நூற்றாண்டுக்கு முந்தியவை என்று அறிஞர் கணிக்கின்றனர். நெல்வேலியைச் சேர்ந்த ஒருவர் சமண முனிவர்கள் தங்குவதற்கு அக்குகையைச் செய்வித்துக் கொடுத்தார் என்பது செய்தி. அருகில் பிற்காலத்தில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவமும் வட்டெழுத்தும் உள்ளன. மலையின் மறுபுறம் எட்டாம் நூற்றாண்டுக் குடைவரைச் சிவன் கோயில். அதில் தமிழகத்தில் அரிதாகக் காணப்படும் லகுலீசர் சிற்பம். சற்றுத் தொலைவில் மீனாட்சிபுரம், மாங்குளம். மாங்குளம் மலைக் கல்வெட்டுகளை 1882-இல் ராபர்ட் சீவெல் கண்டறிந்தார். அவற்றில் நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயர் இருக்கிறது. வெள்ளறை என்ற ஊரின் வணிகர் குழு கொடுத்த கொடையும் இருக்கிறது. இலக்கியத்தில் மட்டும் கேள்விப்பட்ட பெயரைக் கல்லில் காட்டும் சான்று இது. நம் மதுரை மறைப்பணிக்கு ராபர்ட் தெ நொபிலி 1606-இல் வந்தபோது அந்த எழுத்துகளுக்கு வயது ஏறத்தாழ 1,800 ஆகியிருந்தது.

கல்வெட்டைவிட உழவருக்கு நெருக்கமானது தண்ணீர். மொட்டைப் பாறையில் விழும் மழை ஊறாமல் ஓடி அடிவாரக் கண்மாயில் சேரும். வெடிப்புகளில் இறங்கியது சுனையாய்க் கசியும். அரிட்டாபட்டியின் ஏழு குன்றுகளைச் சுற்றி 72 ஏரிகள், சுமார் 200 ஊற்றுகள், 3 தடுப்பணைகள் இருப்பதாக அரசே கணக்கிட்டுள்ளது. பாண்டியர் காலத்து ஆனைகொண்டான் கண்மாய் அவற்றுள் ஒன்று. மேலூர்ப் பகுதி பெரியாற்றுப் பாசனத்தின் கடைமடை. 1895-இல் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டதால் நமக்கு நெல் வந்தது உண்மை. ஆனால் கால்வாய்த் தண்ணீர் வந்து சேராத ஆண்டுகளில் கண்மாயே கஞ்சி ஊற்றியது. அந்தக் கண்மாய்க்குக் கூரையாய் நின்று மழையைப் பிடித்துக் கொடுப்பது குன்று. பாறையை வெடித்தால் சுனை எந்தப் பக்கம் திரும்பும் என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

பறவைகளை மறந்துவிடக் கூடாது. லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, ராசாளிக் கழுகு உட்பட 250 வகைப் பறவைகள் இங்குப் பதிவாகியுள்ளன. தேவாங்கும் அழுங்கும் உண்டு. இதனால் 2022 நவம்பர் 22 அன்று அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193.215 ஹெக்டேர் பரப்பு தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஈராண்டுகூட முழுதாய் ஆகாமல் அந்தப் பரப்பையும் உள்ளடக்கியே ஏலத் தொகுதி வகுக்கப்பட்டது.

மக்களின் அச்சம் வீண் அச்சம் அன்று. 2012-இல், அன்றைய மாவட்ட ஆட்சியர் சகாயம் அரசுக்கு எழுதிய அறிக்கையால், இந்த வட்டாரத்துக் கிரானைட் குவாரிகளில் நடந்த சட்டமீறல் நாடறிந்தது. பிறகு உயர் நீதிமன்றமே அவரை விசாரிக்க அமர்த்த, 2015-இல் அவர் அறிக்கை அளித்தார். வரைபடத்தில் கண்மாய் என்று இருந்த இடம் தரையில் பள்ளமாகவோ கல்மேடாகவோ மாறியிருந்ததை மேலூர் மக்கள் எவரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. மேலும் ஏலம் எடுத்த நிறுவனம் வேதாந்தா குழுமத்தைச் சேர்ந்தது. அக்குழுமத்தின் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராகத் தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று மக்கள் திரண்டபோது நடந்த காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் மாண்டதை யாரும் மறக்கவில்லை.

இது தேடுவதற்கும் தோண்டுவதற்குமான கூட்டு உரிமம்தான், உடனே சுரங்கம் வந்துவிடாது என்று விளக்கம் சொல்லப்பட்டது. சட்டப்படி அது சரியே. ஆயினும் தேடுவதற்கே பாறையைத் துளைக்க வேண்டுமல்லவா? மாநில அரசு முன்பே எதிர்த்ததா இல்லையா என்பதில் இரு அரசுகளும் வாதாடின. அந்த வாதத்தில் நாம் நுழைய வேண்டியதில்லை.

ஊர்கள் கூடின. கோயில் திடல்களிலும் மந்தைகளிலும் கூட்டம், பெண்கள் முன்வரிசையில். டிசம்பர் 9 அன்று தமிழகச் சட்டமன்றம் ஏலத்தை ரத்து செய்யக் கோரி ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. டிசம்பர் 24-இல் மத்திய அரசு, தொகுதியின் எல்லையை மறு ஆய்வு செய்யுமாறு நிலவியல் ஆய்வுத்துறையைக் கேட்டுக்கொள்வதாக அறிவித்தது. பல்லுயிர்த் தலத்தை மட்டும் விலக்கிவிட்டு எஞ்சியதை வைத்துக்கொள்வது என்பது அதன் பொருளாய்த் தோன்றிற்று. பரப்பில் அது பத்தில் ஒரு பங்கே. மற்ற ஒன்பது பங்கில் இருந்தவர்களுக்கு இதில் ஆறுதல் இல்லை. அரிட்டாபட்டிக்காரர்களும் தங்கள் மலை தப்பியது என்று வீட்டுக்குப் போகவில்லை. இதை நான் பெரிதாக மதிக்கிறேன். 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் தலைமை அஞ்சலகம் நோக்கி ஆயிரக்கணக்கானோர் நடந்தும் வாகனங்களிலும் சென்றனர். மேலூரில் கடைகள் அடைக்கப்பட்டன. சாதியும் சமயமும் கட்சியும் அன்று பேசப்படவில்லை. கலந்துகொண்டவர்கள் மீது வழக்குகள் பதிவாயின. பின்னர் அவை திரும்பப் பெறப்பட்டன.

ஜனவரி 22-இல் ஊர்ப் பிரதிநிதிகள் டில்லியில் சுரங்கத்துறை அமைச்சர் கிஷன் ரெட்டியைக் கண்டனர். மறுநாள், ஜனவரி 23 அன்று, ஏலம் ரத்து என்ற அறிவிப்பு வந்தது. பல்லுயிர்ச் செல்வமும் பண்பாட்டுச் சின்னங்களும் காரணமாகக் குறிக்கப்பட்டன.

பன்னிரண்டே நாட்களில், பிப்ரவரி 4 அன்று, சீனம் டங்ஸ்டன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. அதன் பின் உலகச் சந்தையில் விலை ஏறியது. ரத்தானது ஏலம் மட்டுமே. பாறையில் என்ன உண்டோ அது அப்படியே உண்டு. ஆகையால்தான் ஆண்டும் நாளும் ஹெக்டேரும் சேர்த்து இங்கே எழுதினேன். மீண்டும் ஒருவர் கோப்போடு வந்தால், நம் பிள்ளைகள் மேலே இருப்பதன் பட்டியலைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

அரிட்டாபட்டிக்குப் போய்ப் பார்க்க விரும்பும் மறைக்கல்வி மாணவரும் இளைஞர் குழுவினரும் அழகர்கோவில் சாலை வழியே செல்லலாம். காலை வெயில் ஏறுமுன் போவது நல்லது. குடிக்கத் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். கல்வெட்டு தெளிவாகத் தெரிவதற்காகச் சுண்ணாம்புக்கட்டியால் அதன்மேல் எழுதிப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதைச் செய்யாதிருங்கள். காலைச் சாய்வெளிச்சத்தில், சற்றுப் பக்கவாட்டில் நின்று பார்த்தால், எழுத்துகள் தாமே தெரியும்.